தோவாளையை எழுதத் தெரிந்த போன்

நாஞ்சில் நாட்டில் கைப்பேசி: வரலாற்றுத் தொடர், பகுதி 9

2013 நவம்பரில் ‘தி இந்து’ தமிழ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை தமிழ் வாசகர்களைக் கொதிக்க வைத்தது. எழுதியவர் நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகன். தமிழை ஆங்கில எழுத்துருவில் எழுதினால் என்ன என்று கேட்டிருந்தார். ஆங்கில வழியில் படித்து வளரும் பிள்ளைகள் தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறார்கள், ஆங்கில எழுத்து என்றால் கண் தானாக ஓடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த நாளிதழ் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கண்டனங்கள் குவிந்தன. மொழிப்பற்று, எழுத்துச் சீர்திருத்தம், கல்வி என்று பேச்சு பல பக்கம் போனது.

நம் தொடருக்கு வேண்டிய கேள்வி வேறு. குமரி மாவட்டத்து இளைஞர்கள் அன்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருந்தது உண்மை. அது அவர்களுடைய விருப்பமா, அல்லது அவர்கள் சட்டைப்பையில் இருந்த போனுக்குத் தமிழ் தெரியாததாலா? ஆப்பிளின் ஐஓஎஸ்ஸா, கூகுளின் ஆண்ட்ராய்டா என்று உலகம் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எது அழகு, எது பாதுகாப்பு, எது திறந்த தளம், எது மூடிய தளம் என்பதே அங்கே சண்டை. குமரிக்காரருக்கு அந்தச் சண்டை வேறு உருவத்தில்தான் வந்து சேர்ந்தது. நாகர்கோவிலின் செட்டிகுளம் சந்திப்பிலோ மணிமேடைப் பக்கமோ போன் கடைக்குள் நுழைந்தவர் கேட்டது, “இதுல தமிழு வருமாடே மக்கா?” என்பதைத்தான்.

பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

எஸ்.எம்.எஸ். காலத்தில் கட்டணம் தமிழுக்கு எதிராக இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். யூனிகோடில் தமிழ் அடித்தால் 70 இடம்தான். ‘வணக்கம்’ என்பது யூனிகோடில் 7 இடம்; புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 8 எழுத்து. ஆக, சொல்லின் நீளத்தில் தமிழுக்கு நட்டமே இல்லை. ஒதுக்கிய இடம்தான் பாதிக்கும் குறைவு. நூறு எழுத்தில் சேதி சொன்னால் ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்குரிய காசு, தமிழ் எழுத்தில் இரண்டு செய்திக்குரிய காசு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சலுகைப் பொதிகள் செல்லாது என்று நிறுவனங்கள் அறிவித்த நாட்களில் இது இன்னும் உறைக்கும். கல்லூரி மாணவன் ‘ஆங்கிலத் தமிழுக்கு’ப் பழகியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. விரல் பழகியபின் கண் பழகிற்று.

இந்தத் தடையை முதலில் உடைக்க முயன்றவர் இந்தியாவிலிருந்து வரவில்லை. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற மென்பொருளை 1980களிலிருந்தே உருவாக்கி வந்தவர். 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில், அந்நாட்டுத் தமிழ் வானொலியான ஒலி 96.8-இன் துணையோடு, ‘செல்லினம்’ என்ற செயலியை வெளியிட்டார். ஐபோன் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாகவே, பொத்தான் போனில் தமிழில் எழுதித் தமிழிலேயே அனுப்ப வழி பிறந்துவிட்டது. சிறிய திரை, ஜாவா நிரல், எண் பொத்தான்கள். அவ்வளவு நெருக்கடிக்குள் உயிர்மெய்யைக் கோத்துக் காட்டியது அந்தச் செயலி. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை.

ஆனால் அது நின்ற தரையே நழுவியது. அன்று உலகின் பெரிய ஸ்மார்ட்போன் இயங்குதளம் நோக்கியாவின் சிம்பியன். நோக்கியா போன்கள் 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகின. தென்கோடிக் கடைகளில் ‘போன்’ என்றாலே நோக்கியா. 2011 பிப்ரவரி 11 அன்று அந்த நிறுவனம் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்குப் போவதாக அறிவித்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது. விண்டோஸ் போனும் நிலைக்கவில்லை. ஓர் இயங்குதளம் சாகும்போது அதன்மேல் கட்டிய தமிழும் சேர்ந்து போகிறது. அடுத்த தளத்தில் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் இதை மறுபடியும் பார்ப்போம்.

இந்தியாவில் ஐபோன் 2008 ஆகஸ்ட் 22 அன்று விற்பனைக்கு வந்தது. ஏர்டெல்லும் வோடஃபோனும் விற்றன, 8 ஜி.பி. போனின் விலை 31,000 ரூபாய். அடுத்த ஆண்டு ஹெச்டிசி மேஜிக் ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்தது. குமரி மாவட்டத்தில் பல ஐபோன்கள் கடை வழியாக வரவில்லை. துபாய், தம்மாம், தோகா என்று வேலைக்குப் போனவர்களின் பெட்டிகளில் வந்தன. ஊருக்கு வந்த போன் தம்பிக்கோ மருமகனுக்கோ கைமாறும். ஆண்ட்ராய்டோ விலை இறங்க இறங்க வடசேரி, மார்த்தாண்டம், குளச்சல் என்று கடைக்குக் கடை பரவியது.

இரண்டும் வந்தபின் தமிழ் என்னவாயிற்று என்பதற்கு, இந்த மாவட்டத்து ஊர்ப்பெயர் ஒன்றே போதுமான சோதனை. ‘தோவாளை’ என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடில் இது ஆறு குறியீடு: த, ஓகாரக் குறி, வ, துணைக்கால், ள, ஐகாரக் குறி. நினைவகத்தில் மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால். திரையிலோ ஓகாரம் ‘த’வுக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும், ஐகாரம் ‘ள’வைத் தாண்டி இடப்பக்கம் வந்து உட்கார வேண்டும். எழுத்துரு இருந்தால் மட்டும் இது நடக்காது. இடம் மாற்றிக் கோக்கும் வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். தொடக்ககால ஆண்ட்ராய்டில் பல போன்களில் எழுத்துருவே கிடையாது. தோவாளை வெறும் சதுரப் பெட்டிகளாகத் தெரியும். சர்வீஸ் கடையில் போனை ‘ரூட்’ செய்து, அதாவது இயங்குதளத்தின் பூட்டைத் திறந்து, எழுத்துருவை உள்ளே ஏற்றினால் பெட்டி போய் எழுத்து வரும். ஆனால் கொம்பும் காலும் இடம் தவறி நிற்கும். தேரூர், கொல்லங்கோடு, வள்ளவிளை, நாகர்கோவில் எல்லாவற்றுக்கும் இதே கதி.

அந்த நாட்களில் தமிழ் வாசகர்களைக் காப்பாற்றியது ஓபெரா மினி என்ற உலாவி. அதன் முகவரிப் பெட்டியில் ‘ஓபெரா கன்ஃபிக்’ என்ற கட்டளையை அடித்தால் ஓர் அமைப்புப் பட்டியல் விரியும். அதில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று கேட்கும் வரிக்கு ‘எஸ்’ கொடுத்துச் சேமிக்க வேண்டும். அதன்பின் தமிழ்ப் பக்கங்களை எங்கோ இருக்கும் ஓபெராவின் சர்வர் தானே கோத்து, படமாக்கி அனுப்பும். தினசரியை, வலைப்பூவை, ஜெயமோகனின் தளத்தையே பலர் இப்படித்தான் போனில் படித்தார்கள். படிக்கலாம், எழுத முடியாது. கேட்டவருக்கெல்லாம் இதைச் செய்து கொடுத்த கடைப் பையன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தமிழைப் போனுக்குள் கொண்டுவந்தவர்களின் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

2011 அக்டோபரில் வெளியான ஆண்ட்ராய்டு 4.0 முதல் நிலைமை திருந்தத் தொடங்கியது. திருந்தியது எல்லோருக்கும் அல்ல. ஆண்ட்ராய்டைக் கூகுள் எழுதும். போனைச் செய்கிறவர் வேறொருவர். புதிய பதிப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் கையில். சில நிறுவனங்கள் தாங்களாகவே தமிழைச் சேர்த்தன, பல சேர்க்கவில்லை. 2.3-இலேயே நின்றுபோன போன்கள் ஆயிரக்கணக்கில் புழங்கின. அண்ணன் போனில் தோவாளை சரியாக இருக்கும், தங்கை போனில் பெட்டி பெட்டியாக இருக்கும், இரண்டும் ஆண்ட்ராய்டுதான். ஆப்பிளின் பலம் இங்கேதான் தெரிந்தது. 2013 செப்டம்பர் 18 அன்று வந்த ஐஓஎஸ் 7-இல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருந்தது. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு முறையிலும் எழுதலாம். அந்தப் பதிப்பை ஏற்கும் ஐபோன் எதுவானாலும் அதே நாளில் தமிழ் கற்றுக்கொண்டது. மேக் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவைச் செய்தவரும் அதே முத்து நெடுமாறன்தான். அதற்குள் ஆண்ட்ராய்டுக்கும் செல்லினம் வந்துவிட்டிருந்தது.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் ஐபோனுக்குத் தமிழ் விசைப்பலகை. நவம்பரில் தமிழுக்கு ஆங்கில எழுத்து போதாதா என்ற கேள்வி. அந்தக் கட்டுரையில் கல்வி பற்றிய கவலை இருந்தது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பிள்ளைகளின் விரல்கள் ஆங்கில எழுத்துக்குப் போனதைத் தலைமுறையின் மனமாற்றமாகப் படிப்பது தவறு. போன் கொடுத்த விசைப்பலகையில் அவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான். விசைப்பலகை மாறியதும் எழுத்தும் மாறத் தொடங்கியது. 2015 ஏப்ரலில் கூகுளின் கையெழுத்துச் செயலி வந்தது. திரையில் விரலால் எழுதினால் தமிழ் எழுத்தாகும். பள்ளியை விட்டு நாற்பது ஆண்டாகி, எந்த விசைப்பலகையும் பழகாத பெரியவர்கள்கூட அதில் எழுதினார்கள். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழ், மலையாளம் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளில் பேசினால் எழுதும் வசதியைக் கொடுத்தது.

தமிழோடு மலையாளத்தையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாஞ்சில் நாடு என்றால் பழைய கணக்கில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்து நான்கு தாலுகாவாக 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்ததே குமரி மாவட்டம். களியக்காவிளையில் ஒரே வீட்டில் இரண்டு எழுத்தும் புழங்கும். உயிர் சேராமல் நிற்கும் மலையாள மெய்களான சில்லெழுத்துகளுக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்ததே 2008-இல்தான். பழைய போன்களில் தமிழைவிட மலையாளமே அதிகம் சிதைந்தது. எல்லைப்பக்கத்து ஆளுக்கு ஒரு மொழி மட்டும் தெரிந்த போன் பாதி போன்தான்.

விலைப் போட்டியில் மறந்துபோன ஒரு பெயரையும் குறித்துவிடுகிறேன். 2014 ஆகஸ்டில் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸோடு இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற போன் 1,999 ரூபாய்க்கு வந்தது. ஆங்கிலம், இந்தியோடு தமிழும் அதில் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் தமிழ் தெரிந்த ஸ்மார்ட்போன்! மறுமாதமே ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை டெல்லியில் அறிமுகப்படுத்தினார். விலை 6,399 ரூபாய். மலிவான போன் தோற்றது, மும்மடங்கு விலைப் போனின் தளம் வென்றது. ஃபயர்ஃபாக்ஸில் செயலிகள் போதவில்லை, முக்கியமாக வாட்ஸ்ஆப் இல்லை. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீட்டில் வாட்ஸ்ஆப் இல்லாத போனை வைத்து என்ன செய்வது? சிம்பியன், பிளாக்பெர்ரி, ஆண்ட்ராய்டு, ஐபோன் எதில் இருந்தாலும் ஒருவரோடொருவர் பேச வைத்தது அதுதான். ஆப்பிளின் ஃபேஸ்டைம் ஐக்கிய அரபு அமீரகத்தில் தடுக்கப்பட்டிருந்தது. ஐபோன் வைத்திருந்த வளைகுடாக்காரரும் வீட்டுக்குப் பேச வேறு செயலியைத் தேடினார்.

கடற்கரைக்கு வருவோம். எந்தத் தளம் என்பது கரையில் வசதிப் பிரச்சினை. கடலில் உயிர்ப் பிரச்சினை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ என்ற செயலியை 2007-இல் தொடங்கியது. அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் இடம், சந்தை விலை எல்லாம் தாய்மொழியில். அதை முதலில் எழுதியது குவால்காமின் ‘ப்ரூ’ தளத்தில். சிடிஎம்ஏ என்ற வலையமைப்பு முறையில் இயங்கிய டாடா போனில்தான் ஓடும். சிடிஎம்ஏ தேய்ந்ததும் அந்தத் தளமும் தேய்ந்தது. 2013-இல் அதே செயலியை ஆண்ட்ராய்டுக்காகத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. செல்லினத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்கு வந்தபின் அது வேறு பொருளாகவே ஆனது: போனிலுள்ள ஜிபிஎஸ்ஸைக் கொண்டு படகு நிற்கும் இடம், துறைக்குத் திரும்பும் வழி, கடல் எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை. தரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, மீன் கூடும் கடலடிப் பாறையான ‘பார்’ இருக்கும் இடத்தைக் குறித்துவைத்த கடற்கரை அது. பிள்ளைகள் அதே பாரைப் போனில் புள்ளியாகக் குறித்துக்கொண்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் டவர் எட்டாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் அரபிக்கடலுக்குள் இருப்பவை. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் உருவானபோது அந்தப் படகுகளுக்குச் சேதி சொல்ல வழியில்லை. குமரிக் கடற்கரையிலிருந்து போனவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களிடம் போன் இருந்தது. அதில் வானிலைச் செயலியும் இருந்திருக்கலாம். புயலின் பெயர் அந்தத் திரைக்கு வந்து சேரவில்லை. ஐபோனா ஆண்ட்ராய்டா என்ற கேள்விக்கு அங்கே பொருளே இல்லை.

அதன்பின் தொடங்கிய முயற்சிகள் செயற்கைக்கோளையும் போனையும் இணைத்தன. 2019 அக்டோபர் 9 அன்று ‘ஜெமினி’ கருவி வெளியானது. இந்தியாவின் ககன் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எச்சரிக்கையைப் படகிலுள்ள சிறு பெட்டி வாங்கும்; புளூடூத் வழியாகப் போனுக்குக் கொடுக்கும்; ஐதராபாத்திலுள்ள கடல்தகவல் மையமான இன்காய்ஸின் செயலி அதைத் திரையில் காட்டும். நடுக்கடலில் டவர் இல்லாமல் புயல் சேதி படிக்கலாம். ஆனால் வாங்கத்தான் முடியும்; பதில் சொல்ல முடியாது. எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று கரைக்குச் சொல்ல வழியில்லை.

அதே ஆண்டுகளில் போன் நிறுவனங்கள் செய்ததையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் வசதி 2020 மார்ச்சில் வந்த ரெட்மி நோட் 9 ப்ரோ என்ற ஆண்ட்ராய்டு போனில் இருந்தது. தொடக்க விலை 12,999 ரூபாய். ஆப்பிள் அதே வசதியை 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோவில் சேர்த்தது. தொடக்க விலை 1,34,900 ரூபாய். டவரே இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதியை முதலில் பெரிய அளவில் போனுக்குள் வைத்தது ஆப்பிள்தான், ஐபோன் 14-இல். 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அது தொடங்கியது, இந்தியாவுக்கு வரவில்லை. துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதும் இங்கே குற்றம். ஆப்பிளின் ஐபோன்களில் ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் தமிழ்ப் பெண்களின் கைகளில் உருவாகிறது. அதன் மிகச் சிறந்த வசதி தமிழ் மீனவருக்குக் கிடைக்கவில்லை. இதைப் பேசாமல் எந்தத் தளம் உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆக, கடற்கரையில் ஆண்ட்ராய்டு வென்றது. விலை ஒரு காரணம். மீனவர்களுக்கான செயலியை எழுதுகிறவர்கள் முதலில் அங்கே எழுதியது இன்னொரு காரணம். நாடு முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்றானபின், அந்த வெற்றியே விசாரணைக்கு வந்தது. தன் செயலிகளைப் போன் நிறுவனங்கள்மேல் கட்டாயமாகச் சுமத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் உத்தரவுகளில் சிலவற்றை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது. திறந்த தளம் என்று நாம் நம்பி ஏறியதும் ஒருவரின் வீடுதான் என்பதை அந்த வழக்கு காட்டியது.

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின்படி, 13 கடலோர மாநில, யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் இலவசமாகப் பொருத்தப்படுகிறது. ஜெமினியில் இல்லாதது இதில் உண்டு: படகிலிருந்தும் கரைக்குச் சேதி அனுப்பலாம். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தினால் போதும். மற்ற செய்திகளை எழுதவும் படிக்கவும் ‘நப்மித்ரா’ என்ற செயலியைப் புளூடூத் வழியாக அதோடு இணைக்க வேண்டும். மறுபடியும் எல்லாம் போனின் திரைக்கே வந்து நிற்கிறது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புறப்படும் ஆழ்கடல் படகில் பத்துப் பேருக்குமேல் இருப்பார்கள். ஓட்டுநரின் போன் தண்ணீரில் விழுந்தால் இன்னொருவர் போனில் அந்தச் செயலி திறந்தாக வேண்டும், அது ஐந்து வருடப் பழைய ஆண்ட்ராய்டானாலும் வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஐபோனானாலும். சேதி தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும். எழுத்தாக மட்டுமின்றி குரலாகவும் வர வேண்டும், ஏனென்றால் புயலில் ஆடும் படகில் நனைந்த கையோடு யாரும் படித்துக்கொண்டிருக்க முடியாது. மூன்றுக்கும் வேண்டிய தொழில்நுட்பம் இன்று கையில் இருக்கிறது. அடுத்த பருவம் தொடங்குமுன் மீன்வளத் துறையும் இஸ்ரோவும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் உட்கார்ந்து, படகுக்காரர்களின் சொந்தப் போன்களிலேயே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)